முறுக்கு அச்சுக்கு எத்தனை பர்சென்ட்?

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பிப் பிழைக்கிறவர்களைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்: காலையில் எழுந்ததும் பால் வந்துவிட்டதா என்று பார்க்காமல், அமெரிக்காவில் வரி ஏறிவிட்டதா என்று பார்ப்பார்கள்.

நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்றால் வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. புடவையோ, ஊறுகாயோ, கவரிங் நகையோ, எதை அனுப்பினாலும் நம் எல்லாருக்கும் தலைவலி ஒன்றுதான். நான் அனுப்புவது முறுக்கு அச்சு. சிரிக்காதீங்க. நல்ல எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் அச்சு, கூடவே தேன்குழல், முள்ளு முறுக்கு, ரிப்பன், ஓமப்பொடி, இடியாப்பம் என்று ஐந்து துளைத் தட்டுகள்.

என் பேர் அமலா. பிறந்தது மண்ணூர், வாழ வந்தது படப்பை. நடுவில் ஒன்பது வருஷம் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வருகிற ஒவ்வொரு பீஸையும் கேஜ் வைத்து அளக்கணும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு டப்பா. இந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தால் ஒரு வியாதி வரும். வீட்டில் தோசை கொஞ்சம் கோணலாக வந்தால்கூடக் கை சிவப்பு டப்பாவைத் தேடும். என் வீட்டுக்காரர் பாவம், பல தடவை ரிஜெக்ட் ஆனவர்.

அந்த வியாதிதான் என்னைத் தொழிலில் இறக்கியது. ஒரு தீபாவளிக்குக் கடையில் வாங்கின முறுக்கு அச்சில் துளை ஒவ்வொன்றும் ஒரு சைஸ், ஓரமெல்லாம் பிசிறு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மண்ணூரில் பஸ் பாடிக்கு எவர்சில்வர் தகடு வெட்டிக் கொடுக்கிற குணா அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போய், நானே டிராயிங் போட்டு, லேசரில் வெட்டி வாங்கினேன். அதைப் போட்டோ எடுத்துப் போட்டதும் அமெரிக்காவிலிருந்து நாலு பேர் கேட்டார்கள். நாலு நாற்பதாகி, நான் வேலையை விட்டு, பார்சல் கட்டக் கஸ்தூரியைச் சேர்த்துக்கொண்டேன். கஸ்தூரி எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறவள். தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் இங்கே டயர் கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். பார்சல் கட்டுவதோடு வாட்ஸப்பில் கஸ்டமர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான், ஏனென்றால் என் வாய்க்கு அந்த வேலை சரிப்பட்டு வராது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கவுன்ட்டரில் கேட்ட செய்தி

அமெரிக்காவில் ஒரு சலுகை இருந்தது, உங்களுக்குத் தெரியும். சின்னப் பார்சல் என்றால் வரி கிடையாது, பேப்பரைக்கூட யாரும் சரியாகப் பார்க்க மாட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் பிழைத்ததே அந்த ஓட்டையில்தான். அதை அடைத்தார்கள். அடைத்த கையோடு நம் ஊர்ப் பொருளுக்கு வரியையும் ஏற்றினார்கள். ஸ்டீல் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. யார் வசூல் செய்வது, எப்படிக் கட்டுவது என்று ஒருத்தருக்கும் தெரியாததால், கொஞ்ச நாளைக்கு அமெரிக்கப் பார்சலே எடுக்க வேண்டாம் என்று போஸ்ட் ஆபீஸில் நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும் என்கிறீர்கள்? தீபாவளி ஆர்டர் பதினொரு பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் மடியில் இரண்டு, என் மடியில் மூன்று, மிச்சம் காலடியில் என்று வைத்துக்கொண்டு, போஸ்ட் ஆபீஸ் புக்கிங் கவுன்ட்டரில் போய் இறக்கின பிறகு. கவுன்ட்டரில் இருந்தவர் முதல் பெட்டியின் அட்ரஸைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். பதினொன்றையும் படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"இன்னா மேடம், நீங்க நியூஸே பாக்கறதில்லையா? இதுல ஒண்ணாவது சிங்கப்பூருக்கு இருந்தா குடுங்க, இப்பவே போட்டுட்றேன்."

சம்பத் சார் போன்

பெட்டிகளோடு வீடு வந்து சேர்ந்த அதே வாரம் என் பழைய சூப்பர்வைசர் சம்பத் சார் கூப்பிட்டார். ஃபேக்டரியில் புது லைன் போடுகிறார்களாம், தை பிறந்ததும் ஓட ஆரம்பிக்குமாம். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பழைய ஆளாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "உன் பேரத்தான் மொதல்ல எழுதிகிட்டு வந்தேன். போகிக்குள்ள சொன்னா போதும்" என்றார். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் கஸ்தூரிக்கு அப்படி ஒரு போன் வராது. இந்தப் பக்கத்தில் லைனுக்கு எடுப்பது இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்களை. முப்பத்தெட்டு வயசில், எட்டாவது படித்தவளை, கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் ஃபேக்டரிக்குப் போனால் கடையை மூடணும். கடையை மூடினால் நான் தப்பித்தேன், அவள் தெருவில். இந்த ஒரு விஷயம்தான் என்னைப் பதில் சொல்ல விடாமல் தடுத்தது. அவளிடம் போன் வந்ததைச் சொல்லவில்லை. சாரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் விடுகிற ஆளா?

"நல்லா யோசி. நீ போனதுலேர்ந்து மனசாட்சியோட ரிஜெக்ட் போட ஆளே கெடைக்கல, எனக்கே ஒரு மாதிரியா கீது."

எந்த வண்டிக்கு?

சரி, வழக்கமான வழி அடைத்துவிட்டது, பிரைவேட் கூரியர் இருக்கிறதே என்று அங்கே போனோம். கட்டணம் கூட, ஆனால் எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி நெருங்கிவிட்டது, ஒஹையோவில் இருக்கிற மாலதி மேடம் தினமும் கேட்கிறார். அவங்களுக்குத்தான் முதல் பெட்டி.

இங்கேதான் நாங்கள் செய்த கோளாறைச் சொல்லணும். வேறு எந்த ஊர்க்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். எனக்குப் பேக்கிங் என்றால் ஃபேக்டரியில் பார்த்த பேக்கிங்தான் தெரியும். ஒவ்வொரு அச்சுக்கும் பார்ட் நம்பர் உண்டு. டிராயிங் நம்பர் உண்டு. எவர்சில்வர்தான் என்றாலும் துரு பிடிக்காமல் இருக்க நீலக் கலர் ஃபிலிம் சுற்றி, பத்து இடத்தில் அளந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வைத்து, கையெழுத்துப் போட்டு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டித்தான் மூடுவேன். பேட்ச் நம்பர் வேறு. சலுகை இருந்த காலத்தில் ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை, அதனால் வம்பும் இல்லை. இப்போது அமெரிக்கக் கஸ்டம்ஸில் பிரித்தார்கள். வண்டிக் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துப் பக்கம் அனுப்புநர் விலாசம், உள்ளே நீல ஃபிலிம், பார்ட் நம்பர், ரிப்போர்ட். எவன் இதைப் பலகாரச் சாமான் என்று நம்புவான்? வண்டி பாகம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எந்த வண்டி, எந்த மாடல், எந்த இடத்தில் பொருத்துவது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மாலதி மேடத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அவங்க எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க:

"அமலா, நான் தேன்குழல் சுடணும்னு உங்கிட்ட அச்சு கேட்டேன். இவங்க என்னடான்னா உன் வண்டி என்ன மாடல்னு கேக்கறாங்க. என் வண்டிய சொல்லவா, இல்ல அவர் வண்டிய சொல்லவா?"

எங்கே உருக்கினீர்கள்?

அது பலகாரச் சாமான்தான் என்று கஸ்தூரி முறுக்குப் பிழிகிற வீடியோவை அனுப்பி ஒரு வழியாக நம்ப வைத்தோம். (வீடியோவைப் பார்த்த கூரியர் ஆபீஸ் பெண், மாவு என்ன பக்குவம் என்று தனியாகக் கேட்டாள்.) அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி. ஸ்டீல் பொருள் என்றால் அந்த ஸ்டீலை எந்த நாட்டில் உருக்கினார்கள், எந்த நாட்டில் வார்த்தார்கள் என்று எழுதணுமாம். வெட்டின இடம் இல்லை, வாங்கின இடம் இல்லை, உருக்கின இடம். எழுதாவிட்டால் வரி எங்கேயோ போய் நிற்கும்.

நீங்களே சொல்லுங்க, உங்கள் வீட்டு டம்ளரை எந்த உலையில் உருக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் நேரே மண்ணூருக்குப் போய்க் குணா அண்ணனிடம் கேட்டேன். "உருக்கும்போது நான் இன்னா பக்கத்துல நின்னுகினா இருந்தேன்?" என்று அவர் கத்தினார். மெஷின் சத்தத்தில் நானும் கத்தினேன். அப்புறம் அவரே மெஷினை நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். ஒரு தடிமனான ஃபைலைத் தட்டிக்கொண்டே வந்தார். பஸ் பாடிக் கம்பெனிக்காரர்கள் சும்மா தகடு வாங்க மாட்டார்கள், எங்கே உருக்கினது, எந்தத் தடவை உருக்கினது (அதுதான் ஹீட் நம்பர்) என்று சொல்கிற மில் சர்டிபிகேட் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். நம் முறுக்கு அச்சு வெட்டுவது அந்தத் தகட்டில் மிச்சம் விழுகிற துண்டில்தான். ஆக, நம் ஒவ்வொரு தேன்குழல் தட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது!

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அந்த எண்ணெய்க் கையை அப்படியே பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் ஃபைலை என்னிடம் நீட்டிவிட்டுப் பெருமையாகச் சொன்னார்:

"மெட்ராஸுலேர்ந்து அமெரிக்கா வரைக்கும் எவனும் முறுக்கு அச்சுக்கு மில் சர்டிபிகேட்டு வச்சிருக்க மாட்டான் தங்கச்சி, நான் வச்சுகினு கீறேன்."

பத்து மாமா

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட வேண்டுகோள் ஒன்று உண்டு. "கிஃப்ட்னு போட்டு அனுப்பிடும்மா." டாலஸில் இருக்கிற ஒரு அம்மா என்னை விடவே இல்லை. தங்கள் காலனியில் பத்து வீட்டுக்குப் பத்து அச்சு வேண்டும், சின்ன கிஃப்டுக்கு வரி கிடையாது, எல்லாவற்றையும் கிஃப்ட் என்று எழுதிவிடு, விலையைக் குறைத்துப் போட்டுவிடு, என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொள் என்று கெஞ்சினாங்க. அவ்வளவு பெரிய ஆர்டர் அந்த மாதம் வேறு வரவில்லை. கஸ்தூரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் என் கையால் ஆகாது. ஒன்பது வருஷம், அரை மில்லி கூட இருந்தால் இருக்கிறது என்று எழுதின கை. இல்லாததை இருக்கிற மாதிரி எழுதச் சொன்னால் பேனாவே நகராது. முடியாது என்று நானே மெசேஜ் போட்டேன். என் பாஷை அப்படி, கஸ்தூரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மா கோபித்துக்கொண்டு வேறு ஒருத்தரிடம் வாங்கினாங்க. அந்த ஆள் கெட்டிக்காரன், பத்துப் பெட்டிக்கும் பத்து வெவ்வேறு அனுப்புநர் பேர் போட்டு, கிஃப்ட் என்று எழுதி அனுப்பியிருக்கிறான். மூன்று வாரம் கழித்து அதே அம்மாவிடமிருந்து எனக்கு வந்த மெசேஜ்:

"தப்பா நினைச்சுக்காதம்மா. பத்து மாமா சேர்ந்து ஒரே நாள்ல ஒரே அட்ரஸுக்கு ஒரே மாதிரி கிஃப்ட் அனுப்புவாங்களான்னு கேட்டு எல்லாத்தையும் நிறுத்தி வச்சுட்டாங்க. நீ ஒழுங்கா வரி போட்டே அனுப்பு."

போய் வந்த பெட்டி

நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தீபாவளி முடிந்த பிறகு ஒரு மாதம் ஈயடித்தோம். அனுப்பினதில் மூன்று பெட்டியை வாங்குகிறவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். வாசலில் வந்து வரி கேட்டதும், இந்தக் காசுக்கு நான் இங்கேயே பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொள்வேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆர்டர் போட்ட நாளில் ஒரு வரி, போய்ச் சேர்ந்த நாளில் வேறு வரி.

திரும்பி வந்த பெட்டிக்கு இங்கேயும் ஒரு வரி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நம் பொருள்தான், நாம் அனுப்பினதுதான், நம்மிடமே திரும்பி வருகிறது என்று நிரூபிக்கப் பேப்பர் காட்டணும். பேப்பர் காட்டுகிற வரைக்கும் அது வெளிநாட்டிலிருந்து வந்த பொருள். நான் நொந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன், சம்பத் சாருக்குப் போன் போட்டுவிட வேண்டியதுதான் என்று. பெட்டியைக் கொண்டுவந்த கூரியர் தம்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஏதாவது சொல்லணும் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது:

"விடுங்க மேடம். உங்க பெட்டியாவது அமெரிக்கா போய்ப் பாத்துட்டு வந்துச்சு, நான் இன்னும் திருவள்ளூரே தாண்டல."

கேன்டீன் விசாரணை

சம்பத் சாருக்குப் போன் போடுவதற்கு முன்னால் கஸ்தூரியிடம் சொல்லிவிடுவது மரியாதை என்று, மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. பக்கத்து ரூம் பெண் சொன்னாள், ஒரகடத்தில் ஒரு கேன்டீன் கான்ட்ராக்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று. பாத்திரம் கழுவ ஆள் எடுக்கிறார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உனக்கு?" என்று தெருவிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க மட்டும் சொன்னியளாக்கா? அந்த சார் போன் பண்ணும்போது நான் பின்னாலதான நின்னேன். நீங்க எனக்காவ நல்ல வேலைய விட்டுறக் கூடாதுன்னுதான் நான் மொத ஆளா எடம் பாத்தேன்."

சப்பாத்தி அளவு

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுது முடித்துவிட்டு, போகி வரைக்கும் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அந்த வாரம்தான் சிகாகோவிலிருந்து ஒரு சேச்சி கேட்டாங்க. பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறவங்க. அச்சு அவங்க வீட்டிலேயே ஒன்று இருக்கிறதாம், பித்தளை, கல்யாணத்துக்குக் கொடுத்தது. தட்டு மட்டும் தேய்ந்து ஓட்டையெல்லாம் ஒன்றாகிவிட்டது. தட்டு மட்டும் தருவீர்களா?

தருவோம், ஆனால் உள்ளளவு வேண்டுமே. பழைய அச்சு ஒவ்வொன்றும் ஒரு அளவு. அவங்களை அளந்து சொல்லச் சொன்னால், தையல் டேப்பை வைத்து "ரெண்டே காலுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டரைக்கு நல்லா கீழ" என்றாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு, நல்லா என்றால் எவ்வளவு? நான் திட்டி மெசேஜ் போடுவதற்குள் கஸ்தூரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளே பேசி அனுப்பினாள்: "மேடம், சப்பாத்தி மாவ நல்லா கெட்டியா பெசைஞ்சு தெரட்டுங்க. அந்த அச்ச தலைகீழா வச்சு அமுக்கி எடுங்க. மாவுல வட்டம் விழும்லா, அது பக்கத்துல ஸ்கேல வச்சு, நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

போட்டோ வந்தது. வட்டத்தின் உள் கோடு, வெளிக் கோடு, ஸ்கேல் மில்லிமீட்டர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஒன்பது வருஷம் கேஜ் பிடித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்க! குணா அண்ணன் வெட்டினார், நான் பிசிறு பார்த்தேன், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஒரு கவரில் அனுப்பினோம். தட்டு ஒன்றும் பெரிய எடை இல்லை, விலையும் கொஞ்சம், அதனால் வரி எத்தனை பர்சென்ட் என்றாலும் சில்லறைதான். இந்தத் தடவை நீல ஃபிலிம் சுற்றவில்லை, ரிப்போர்ட் வைக்கவில்லை. முறுக்குத் தட்டு, சமையல் சாமான் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பச்சை ஸ்டிக்கர் மட்டும் உள்ளே ஒட்டினேன், அதை விட மனசு வரவில்லை.

தட்டு கனகச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சேச்சி அந்த வீடியோவைத் தங்கள் லேடீஸ் குரூப்பில் போட்டாங்க. அப்புறம் பார்க்கணுமே, அமெரிக்காவில் எத்தனை சமையலறையில் தட்டு தேய்ந்த அச்சு தூங்குகிறது என்று! நியூஜெர்சி, அட்லாண்டா, சியாட்டில் என்று தினமும் சப்பாத்தி மாவு போட்டோக்கள். ஒருத்தங்க வட்டத்தோடு சேர்த்துக் குருமாவையும் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. வரி இவ்வளவு வரும், நாங்களே முன்கூட்டிக் கட்டி அனுப்புகிறோம், அதையும் சேர்த்துத்தான் விலை என்று கஸ்தூரி எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுவாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சியாட்டில் மேடம் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது:

"வரி போட்டவங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, உங்க மேல இல்ல. என் அச்சுக்கு உலகத்துலயே ஒரே ஒரு தட்டுதான் பொருந்தும், அதை நீங்கதான் வெட்டியிருக்கீங்க. ரிப்பனும் ஒண்ணு அனுப்புங்க."

போகிக்கு முந்தின நாள்

சம்பத் சார் சொன்ன சொல் தவற மாட்டார். போகிக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குச் சரியாகக் கூப்பிட்டார். நான் வாசல் பக்கம் போய்ப் பேசவில்லை. ஹாலிலேயே, கஸ்தூரி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசினேன்.

"இன்னாம்மா, பேரை ஃபைனல் பண்ணிடட்டா?"

"வேணாம் சார். நான் வரல."

"ஏன், அங்க வரிய எடுத்துட்டாங்களா?"

"எங்க சார்? அது பாட்டுக்கு ஏறுது, எறங்குது, மறுபடி ஏறுது. எங்களுக்குப் பழகிடுச்சு."

"அப்ப ஆர்டர் பழைய மாதிரி வருதா?"

"பழைய மாதிரி இல்ல சார். பாதிக்குக் கொஞ்சம் மேல வருது."

அவருக்குப் பின்னால் ஷிஃப்ட் பஸ் ஹாரன் கேட்டது. பி.எஃப்., கேன்டீன், எல்லாவற்றையும் இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷன், என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் பதிலை நான் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தேன்.

"சார், அங்க ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு. இங்க நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

"சரிம்மா" என்றார். மறுபடியும் "சரிம்மா" என்றுவிட்டு வைத்தார். நான் போனை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கஸ்தூரி குனிந்த தலை நிமிராமல் அதே பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அட்டையே தெரியவில்லை, மேலிருந்து கீழ் வரை பளபளவென்று டேப். ஒரு ரோல் முழுசாகத் தீர்ந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், பெட்டியைப் பார்த்தே சொன்னாள்:

"அக்கா, இந்தப் பெட்டி ரிஜெக்ட். அட்ரஸ் மேலயும் சேத்து ஒட்டிட்டேன்."

எந்த நாட்டுக்காரன் எந்த நாளில் எதற்கு எத்தனை பர்சென்ட் போட்டாலும், அவரவர் வீட்டில் பிழிகிற முறுக்குக்கு இன்னும் எவனும் வரி போடவில்லை என்கிற ஒரே தைரியத்தில் எங்கள் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கிறது.